சாலை முடிந்த பிறகு: கரடுமுரடான பாதையில் செல்லும் வண்டிக்கான முதலுதவி, அவசரகாலப் பொருட்கள் – முழுமையான வழிகாட்டி

நகரச் சாலையில் ஓடும் காரில் வைக்கப்படும் முதலுதவிப் பெட்டி, ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை உள்ள சிறிது நேரத்தைச் சமாளிப்பதற்கானது. சாலையை விட்டு இறங்கி மணல்மேட்டிலும் ஆற்றுப்படுகையிலும் மலைத்தடத்திலும் செல்லும் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆம்புலன்ஸ் வர வழி இருக்காது. வழி இருந்தாலும் நாம் இருக்கும் இடத்தைச் சொல்லக் கைப்பேசியில் சிக்னல் இருக்காது. ஆகவே இத்தகைய வண்டியில் எதை ஏற்றுவது என்று முடிவு செய்யும்போது ஒவ்வொரு பொருளையும் இரண்டு கேள்விகளால் சோதித்துப் பார்க்க வேண்டும். உதவி நம்மை வந்தடைய எத்தனை மணி நேரம் ஆகும் என்பது முதல் கேள்வி. அந்தப் பொருள் பெட்டியிலிருந்து கைக்கு வர எத்தனை நொடி ஆகும் என்பது இரண்டாவது. பலர் முதல் கேள்வியை ஓரளவாவது யோசிக்கிறார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உயிர்காக்கும் பை, டிக்கியின் அடியில், கூடாரத்துக்கும் சமையல் சாமான்களுக்கும் கீழே கிடப்பது அதனால்தான்.

நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் அடங்கியது என்று விளம்பரப்படுத்தப்படும் ஆயத்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், அந்த எண்ணிக்கையின் பெரும்பகுதி சிறு பிளாஸ்திரிகளாகவும் கிருமிநாசினித் துடைப்பான்களாகவுமே இருக்கும். உறுதியான பை ஒன்றை வாங்கி, தேவையானவற்றை நாமே தேர்ந்து நிரப்புவதே மேல். அப்படி நிரப்பியவருக்கு எது எங்கே இருக்கிறது என்பதும் மனத்தில் பதிந்திருக்கும்.

படி 1: தொலைவை மணிக்கணக்கில் அளந்துகொள்ளுங்கள்

வரைபடத்தில் முப்பது கிலோமீட்டர் என்று தெரியும் பாதை, பாறைகளுக்கு நடுவே மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பாதை. எலும்பு முறிந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அந்த வேகமும் கிடைக்காது. ஆகவே செல்லும் பாதையில் மருத்துவமனையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் இடம் எது, அங்கிருந்து மெதுவாக ஓட்டினால் எவ்வளவு நேரமாகும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் இரத்தப்போக்கு, தீ, மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கான ஏற்பாடு முதன்மை பெறும். அரை நாள் என்றால் எலும்பு முறிவைத் தாங்கிப் பிடிப்பதும், தீக்காயத்தைப் பராமரிப்பதும், வலியைத் தணிப்பதும் சேர்ந்துகொள்ளும். ஓர் இரவைக் கடக்க நேரிடலாம் என்றால் தண்ணீர், வெதுவெதுப்பு, தகவல்தொடர்பு ஆகிய மூன்றும் மருந்துகளுக்கு இணையாகிவிடும்.

பயணிகளைப் பற்றிய ஒரு தாளையும் இத்துடன் தயாரியுங்கள். யாருக்கு என்ன நோய், எந்த மருந்தைத் தொடர்ந்து உட்கொள்கிறார், எதற்கு ஒவ்வாமை, வீட்டில் யாரை அழைக்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். இரத்தப் பிரிவை எழுதுவதில் தவறில்லை, ஆனால் இரத்தம் ஏற்றுவதற்கு முன் மருத்துவமனையில் மீண்டும் சோதித்துத்தான் பார்ப்பார்கள். அதைவிட, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை அவர் உட்கொள்கிறார் என்ற ஒரு வரி மருத்துவருக்கு அதிகம் பயன்படும். அன்றாட மருந்துகளைத் திட்டமிட்ட நாட்களைப் போல் இருமடங்கு எடுத்துச் செல்வது நல்லது.

படி 2: பொருளுக்கு முன் பயிற்சி

அங்கீகாரம் பெற்ற முதலுதவிப் பயிற்சி ஒன்றை, குறைந்தது இருவராவது முடித்திருக்க வேண்டும். ஒருவர் போதாது, காயமடைந்தவர் அந்த ஒருவராகவே இருந்துவிடலாம். கடும் இரத்தப்போக்கை நிறுத்துவது, நினைவிழந்தும் மூச்சுவிடுபவரை ஒருக்களித்துக் கிடத்துவது, இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்துவது ஆகிய மூன்றும் கையால் செய்து பழக வேண்டியவை. வயதுவந்தவருக்கு மார்பின் நடுவே ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த ஆழத்துக்கு எவ்வளவு பலம் தேவை என்பது பயிற்சிப் பொம்மையின் மீது அழுத்திப் பார்த்தால்தான் புரியும். பயன்படுத்தத் தெரியாத கருவி எதையும் பையில் சேர்க்காதீர்கள். தையல் போடும் தொகுப்புகள் இந்த வகையில் முதலாவதாக விலக்கப்பட வேண்டியவை. அழுக்குப் புகுந்த காயத்தை வெளியிடத்தில் தைத்து மூடுவது தொற்றையும் சேர்த்து உள்ளே பூட்டுவதாகும்.

படி 3: இரத்தப்போக்குப் பை

இது முதன்மைப் பையிலிருந்து தனியாக, உள்ளங்கை இரண்டைச் சேர்த்த அளவில் இருக்க வேண்டும். பெரிய தமனி அறுபட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடக்கூடும் என்பதால், மற்ற எல்லாப் பொருளுக்கும் முன்னால் இதற்கு இடம் ஒதுக்க வேண்டும். இதனுள் வைக்க வேண்டியவை குறைவு: டூர்னிக்கெட் எனப்படும் இறுக்குப்பட்டை இரண்டு, காயத்துக்குள் திணிப்பதற்கான காஸ் துணிச் சுருள்கள், அழுத்தக் கட்டு இரண்டு, உடையை வெட்டும் மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், நைட்ரைல் கையுறை நான்கு இணை, அழியாத மையுள்ள மார்க்கர் பேனா.

இறுக்குப்பட்டையை வாங்கும்போது சிக்கனம் பார்க்க வேண்டாம். புகழ்பெற்ற வடிவங்களைப் போலவே தோற்றமளிக்கும் போலிகள் மலிவாகக் கிடைக்கின்றன. பட்டையை இறுக்குவதற்காக அவற்றில் உள்ள குச்சி, திருகும் நேரத்தில் முறிந்துவிடக்கூடும். இடுப்புப் பெல்ட்டைக் கொண்டு சமாளிக்கலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. தமனியை மூடும் அளவுக்கு அதை இறுக்க முடியாது. அரைகுறையாக இறுக்கினால் சிரை மட்டும் அடைபட்டு இரத்தப்போக்கு கூடவும் வாய்ப்பிருக்கிறது. முறையான பட்டையைக் காயத்துக்கு மேலே, உடலின் நடுப்பகுதியை நோக்கி ஐந்து முதல் எட்டுச் சென்டிமீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும். முழங்கை, முழங்கால் மூட்டுகளின் மீது கட்டக்கூடாது. பட்டையை முதலில் கையால் இழுத்து, பிறகு குச்சியை இரத்தம் நிற்கும்வரை திருகி, பூட்டி, கட்டிய நேரத்தை அதன் மீதோ நெற்றியிலோ எழுதுங்கள். வலி கடுமையாக இருக்கும். காயமடைந்தவர் தளர்த்தச் சொல்லி மன்றாடுவார். தளர்த்தாதீர்கள். இரத்தம் நிற்கவில்லை என்றால் முதல் பட்டைக்கு மேலே இரண்டாவதையும் கட்டுங்கள். இரண்டு வைத்திருக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

கழுத்தடி, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பட்டை கட்ட முடியாது. அங்கே காஸ் துணியைக் காயத்தின் ஆழம்வரை விரலால் திணித்து நிரப்பி, உடல் எடையைச் செலுத்தி அழுத்த வேண்டும். இரத்தத்தை உறையச் செய்யும் பூச்சுள்ள காஸ் என்றால் குறைந்தது மூன்று நிமிடமும், சாதாரணக் காஸ் என்றால் பத்து நிமிடமும் இடைவிடாமல் அழுத்துங்கள். நடுவில் துணியை எடுத்து எட்டிப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் கலைந்துவிடும். மார்பிலும் வயிற்றிலும் உள்ள காயங்களுக்குள் எதையும் திணிக்கக் கூடாது.

படி 4: முதன்மை முதலுதவிப் பை

கரடுமுரடான பாதையில் அடிபடும் விதங்கள் ஓரளவு முன்கூட்டியே தெரிந்தவை. சிக்கிய வண்டியை இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தின் வடத்துக்கும் உருளைக்கும் இடையே விரல் சிக்கும், ரேடியேட்டர் மூடியைத் திறந்தவர் மீது கொதிநீர் பீய்ச்சும், ஜாக்கி நழுவும், கிளை முறிந்து கண்ணில் குத்தும், பள்ளத்தில் விழுந்த வண்டிக்குள் தலை மோதும். பையை இந்த விபத்துகளை மனத்தில் வைத்து அறை அறையாகப் பிரித்து அடுக்கினால் தேடும் நேரம் மிச்சமாகும். ஒவ்வோர் அறையிலும் உள்ள பொருட்களை வெளியிலிருந்தே தெரியும்படி கண்ணாடித்தாள் உறையில் இட்டு, பெரிய எழுத்தில் பெயரிடுங்கள்.

தீக்காய அறையில் மருந்தைவிட முக்கியமானது தண்ணீர். சுட்ட இடத்தை ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்டுவதே முதன்மைச் சிகிச்சை. சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் அதற்குப் பயன் உண்டு. வழியில் குழாய் இருக்காது என்பதால் குடிநீர்க் கலத்தையே பயன்படுத்த நேரிடும். மூடியில் சிறு துளையிட்ட ஒரு பாட்டிலை வைத்திருந்தால் மெல்லிய தாரையாக ஊற்றலாம். வழிந்த நீரை ஒரு தட்டில் பிடித்து மீண்டும் பயன்படுத்தலாம். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் வீக்கம் வருவதற்கு முன் கழற்றுங்கள். குளிர்வித்த பிறகு சமையலறையில் உணவை மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மீது நீளவாக்கில் பரப்புங்கள். சுற்றி இறுக்க வேண்டாம். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதுவும் கூடாது.

எலும்பு முறிவுக்கு, நுரைப்பஞ்சு போர்த்திய வளையும் அலுமினியத் தகடு இரண்டு, முக்கோணக் கட்டுத்துணி நான்கு, பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள க்ரேப் பேண்டேஜ் நான்கு வேண்டும். முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி கட்ட வேண்டும் என்பது அடிப்படை விதி. தகட்டைக் காயமடைந்தவரின் கையில் வைத்து வளைக்காமல், உங்கள் சொந்தக் கையிலோ அவருடைய அடிபடாத கையிலோ வைத்து வடிவமைத்துக்கொண்டு பொருத்துங்கள். கட்டுவதற்கு முன்னும் பின்னும் விரல் நுனிகளின் நிறம், சூடு, உணர்ச்சி ஆகியவற்றைப் பாருங்கள். கட்டிய பிறகு விரல் வெளிறி மரத்துப்போனால் கட்டைத் தளர்த்தி மீண்டும் கட்ட வேண்டும். குலுங்கிக் குலுங்கிச் செல்லும் வண்டியில் கட்டு நழுவும் என்பதால் இந்தச் சோதனையை வழியெல்லாம் தொடர வேண்டியிருக்கும்.

கண்ணைக் கழுவ ஒரு முறை பயன்பாட்டுக்கான சலைன் குப்பிகள், முள்ளெடுக்கும் கூர்மையான இடுக்கி, மண் படிந்த காயத்தைப் பீய்ச்சிக் கழுவ ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச், ஒட்டாத பரப்புள்ள கட்டுத்துணி, துணிப் பிளாஸ்டர், வெப்பமானி ஆகியவை மீதி அறைகளை நிரப்பும். கண்ணில் குத்தி நிற்கும் பொருளையும், உடலில் ஆழமாகச் செருகியிருக்கும் பொருளையும் பிடுங்காமல், அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டி அழைத்துச் செல்ல வேண்டும்.

தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, எழுப்ப முடியாதபடி தூங்கினாலோ, இரு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் தெரிந்தாலோ பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், தீ அல்லது வெள்ளம் போன்ற உடனடி ஆபத்து இருந்தாலொழிய அவரை நகர்த்தக் கூடாது.

பாம்புக்கடிக்கென்று விற்கப்படும் உறிஞ்சு கருவிகளை வாங்க வேண்டாம். அவை நஞ்சை எடுப்பதில்லை, நேரத்தைத்தான் எடுக்கின்றன. கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்குப்பட்டை கட்டுவது எல்லாமே கேடு. கடிபட்டவரை அசையாமல் கிடத்தி, கடிபட்ட கைகாலைத் தகடு வைத்து அசையாமல் கட்டி, மோதிரம், கொலுசு, காலணி ஆகியவற்றைக் கழற்றி, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்வதே சிகிச்சை. கைகால் முழுவதையும் அகலமான மீள்கட்டால் அழுத்திச் சுற்றும் முறை ஆஸ்திரேலியாவில் பின்பற்றப்படுகிறது. அங்குள்ள பாம்புகளின் நஞ்சுக்கு அது பொருந்தும். கடித்த இடத்திலேயே திசுவை அழிக்கும் விரியன் வகைகளுக்கு அது கேடு விளைவிக்கலாம். எனவே செல்லும் பகுதியின் பாம்புகளையும் அங்கு பரிந்துரைக்கப்படும் முறையையும் முன்பே அறிந்துகொள்ளுங்கள்.

படி 5: மருந்துகள்

மருந்துப் பட்டியலை உங்கள் மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெறுவது முதல் வேலை. பொதுவாக, வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால், ஒவ்வாமை அரிப்புக்குச் செட்ரிசின், வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், மாரடைப்பு என்று ஐயப்படும் வயதுவந்தவர் மெல்லுவதற்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஆகியவை போதுமானவை. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவருக்கும், இரத்தப்போக்கு உள்ளவருக்கும், குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. உடலில் நீர் வற்றிய நிலையில் வலிநிவாரணியான இபுப்ரோஃபென் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், வெயிலில் நாள் முழுதும் வேலை செய்தவருக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைட் வைத்திருப்பவர்கள், மலத்தில் இரத்தம் இருந்தாலோ கடும் காய்ச்சல் இருந்தாலோ அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதை உறையின் மீதே எழுதி வையுங்கள். ஓ.ஆர்.எஸ். தீர்ந்துபோனால், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சமாளிக்கலாம்.

கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசிப்பேனா இருந்தால், ஒன்றுக்கு இரண்டாக அது அவருடைய உடலோடே இருக்க வேண்டும்; வண்டியின் பையில் இருக்கக் கூடாது. தொடையின் வெளிப்புறத்தில் செலுத்திய பிறகும் ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது தேவைப்படும்.

படி 6: தீ, கவிழ்ந்த வண்டியிலிருந்து வெளியேறுதல்

காய்ந்த புல்வெளியில் ஓடும் வண்டியின் அடியில், சூடேறிய புகைபோக்கிக் குழாயைச் சுற்றிப் புல்லும் விதைகளும் சேர்ந்து தீப்பற்றுவது கரடுமுரடான பாதைக்கே உரிய ஆபத்து. இடையிடையே நிறுத்தி அடிப்பகுதியைப் பார்த்துச் சுத்தம் செய்வது எந்தத் தீயணைப்பானையும்விட மேலானது. தீயணைப்பான், பலவகைத் தீயையும் அணைக்கும் ஏ.பி.சி. வகை உலர்பொடி நிரப்பியதாக, இரண்டு கிலோ கொள்ளளவில், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே எட்டும் இடத்தில், உலோகப் பிடியில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சிறிய ஒரு கிலோ தீயணைப்பான் சுமார் பத்து நொடிகளில் காலியாகிவிடும். அதனால் ஊசியை உருவி, தீயின் அடியை நோக்கிப் பிடித்து, பிறகே அழுத்த வேண்டும். பானெட்டை முழுவதும் திறந்தால் காற்று புகுந்து தீ சீறியெழும். சிறிது இடைவெளி மட்டும் விட்டு உள்ளே செலுத்துங்கள். குலுங்கும் வண்டியில் பொடி அடியில் இறுகிவிடும் என்பதால் மாதம் ஒருமுறை கவிழ்த்துக் குலுக்குவது நல்லது. பத்து நொடியில் அணையாத தீயோடு போராடாமல் விலகிவிடுங்கள்.

சீட் பெல்ட்டை வெட்டும் கத்தியும் கண்ணாடி உடைக்கும் முனையும் சேர்ந்த கருவி ஓட்டுநருக்கு ஒன்று, பின்னால் இருப்பவருக்கு ஒன்று வேண்டும். ஆனால் பல வண்டிகளில் பக்கக் கண்ணாடிகளும் இப்போது இரு தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டவை. அவற்றை இக்கருவி நொறுக்காது. கண்ணாடியின் மூலையில் அச்சிடப்பட்ட குறிப்பில் அது எந்த வகை என்பது இருக்கும். உங்கள் வண்டியில் எந்தக் கண்ணாடி உடையும் என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகத் தொங்கும் நிலையில் பெல்ட்டை வெட்டுவதற்கு முன், ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இல்லையெனில் முழு உடலும் கழுத்தின் மீது விழும்.

படி 7: ஓர் இரவைக் கடக்க

வெப்பமான நிலப்பகுதியில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, அதற்குமேல் ஒரு நாள் தேவையைக் கூடுதலாக ஏற்றுங்கள். ஒரே பெரிய கலத்தில் நிரப்பாமல் மூன்று நான்கு கலங்களில் பிரித்து வைத்தால், ஒன்று உடைந்தாலும் மற்றவை இருக்கும். வழியில் கிடைக்கும் நீரைத் துணியில் வடிகட்டி, நன்கு கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடமும் கொதிக்க விடுங்கள். குளோரின் மாத்திரை இட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

மெல்லிய வெள்ளித்தாள் போர்வையைக் குளிருக்குப் போதுமென்று நம்புவது பரவலாக இருக்கிறது. அது உடலின் வெப்பக்கதிரைத் திருப்பி அனுப்பும். காற்றையும் மழையையும் தடுக்கும். ஆனால் உடலின் சூடு பெருமளவு தரைக்கு இறங்குவதை அதனால் தடுக்க முடியாது. காயமடைந்தவருக்கு அடியில் இருக்கை மெத்தையோ, தடித்த கம்பளியோ, நுரைப்பாயோ விரித்த பிறகே மேலே போர்த்துவதற்குப் பொருள் உண்டு. உடல்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று குழறத் தொடங்கினால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். இதற்கு நேர்மாறாக, உடல்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி அறிவு குழம்பியவரை நிழலில் கிடத்தி, உடையைக் களைந்து, நீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். குழம்பிய நிலையில் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

இரு கைகளும் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதால் கைவிளக்கைவிட நெற்றியில் மாட்டும் விளக்கே ஏற்றது. வண்டியின் ஹீட்டரை நம்பி இன்ஜினை ஓட விட்டுத் தூங்க வேண்டாம். சேற்றிலோ பனியிலோ புகைபோக்கி புதைந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

படி 8: தகவல் சொல்லும் வழிகள்

மூன்று அடுக்குகள் இருக்கட்டும். முதல் அடுக்கு, வீட்டில் விட்டுச்செல்லும் தாள்: பாதை, வண்டியின் நிறம், எண், பயணிகளின் பெயர், எந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது. இதற்குச் செலவே இல்லை. ஆனாலும் பலர் செய்வதில்லை. இரண்டாவது, செயற்கைக்கோள் கருவி. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் தனிநபர் அவசரக் குறிகாட்டி, காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பின் வழியாக மீட்புப் படைக்குச் செய்தி அனுப்பும். சந்தா தேவையில்லை, பதிவு செய்திருக்க வேண்டும், இயக்கினால் குறைந்தது 24 மணி நேரம் ஒலிபரப்பும். ஆனால் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அதில் எழுத முடியாது. இருவழியாகச் செய்தி பரிமாறும் கருவிகளுக்குச் சந்தா உண்டு. மருத்துவரின் அறிவுரையை உரையாகப் பெறலாம் என்பதால் தொலைவான பயணத்துக்கு நான் இவற்றையே பரிந்துரைப்பேன். சில நாடுகளில் செயற்கைக்கோள் கருவிகளை வைத்திருக்க முன் அனுமதி தேவை. எல்லை கடப்பவர்கள் அதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சொல்லும்போது எந்த வடிவத்தில் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தசமத்தில் 10.50 டிகிரி என்று நீங்கள் சொல்வதை, 10 டிகிரி 50 நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்) என்று மறுமுனையில் எழுதிக்கொண்டால், அட்சரேகையில் மட்டும் ஏறக்குறைய 37 கிலோமீட்டர் தள்ளித் தேடுவார்கள்.

மூன்றாவது, மின்சாரம் வேண்டாத கருவிகள்: ஊதல், ஒளியைத் திருப்பிக் காட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி, பளிச்சென்ற நிறமுள்ள பெரிய துணி. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலைப்பகுதிகளில் அறியப்பட்ட அவசரக் குறிப்பு. வழி தவறினாலோ வண்டி பழுதானாலோ வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். வானிலிருந்து தேடுபவருக்கு மனிதரைவிட வண்டி எளிதில் தென்படும். நிழலும் தண்ணீரும் இருப்பதும் அங்கேதான்.

படி 9: மீட்புக் கருவிகளும் முதலுதவியே

சிக்கிய வண்டியை இழுக்கும் முயற்சியில் ஏற்படும் காயங்கள் கொடியவை. எனவே மண்வெட்டி, டயரின் அடியில் வைக்கும் பிடிமானப் பலகை, காற்றழுத்தமானி, கம்ப்ரஸர், பஞ்சர் அடைப்புத் தொகுப்பு, ஜாக்கிக்கு அடியில் வைக்கும் அகலப் பலகை ஆகியவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். டயரின் காற்றைக் குறைத்து, மண்ணை வாரினாலே பெரும்பாலும் வண்டி வெளிவந்துவிடும்; இழுப்பது கடைசி வழியாக இருக்கட்டும். இழுக்க வேண்டிவந்தால், சுமைத்திறன் பொறிக்கப்பட்ட ஷேக்கிள் எனப்படும் உலோக இணைப்பு வளையத்தையும் வண்டிச் சட்டத்தோடு இணைந்த கொக்கியையும் மட்டுமே பயன்படுத்துங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றை மாட்டவே கூடாது. அந்த உருண்டை முறிந்து பீரங்கிக் குண்டுபோலப் பறந்து உயிரிழப்பை ஏற்படுத்தியிருக்கிறது. வடத்தின் நடுவே கனமான துணியைப் போட்டு, வடத்தின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு அப்பால் எல்லோரும் நிற்க வேண்டும். ஜாக்கியின் மீது மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் உடலின் எந்தப் பகுதியும் போகக் கூடாது.

படி 10: எது எங்கே

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். நொடிகளில் வேண்டியவை, அதாவது இரத்தப்போக்குப் பை, பெல்ட் வெட்டும் கத்தி, தீயணைப்பான், செயற்கைக்கோள் கருவி ஆகியவை, முன்னிருக்கையில் பெல்ட் அணிந்து உட்கார்ந்தபடியே எட்ட வேண்டும். முன்னிருக்கைத் தலைச்சாய்வின் பின்புறத்தில் பையைக் கட்டினால் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் எட்டும். நிமிடங்களில் வேண்டிய முதன்மைப் பை, பக்கக் கதவைத் திறந்ததும் எடுக்கும்படி பின்னிருக்கைக்குப் பின்னால் இருக்கட்டும். டிக்கிக் கதவை மட்டும் நம்ப வேண்டாம். பின்புறம் நசுங்கினால் அது திறக்காது. மணிக்கணக்கில் வேண்டிய தண்ணீர், போர்வை, மீட்புக் கருவிகள் அதற்கும் பின்னால் போகலாம். எரிபொருள் கேன் பயணிகள் அமரும் பகுதிக்குள் வரவே கூடாது. அதை நிரப்பும்போது வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்ப வேண்டும், நிலைமின்னூட்டம் தீப்பொறியாவதைத் தடுக்க.

எல்லாவற்றையும் கட்டுங்கள். வண்டி உருளும்போது கட்டப்படாத தண்ணீர்க் கலமும் ஷேக்கிளும் உள்ளே இருப்பவர்களின் தலையைத்தான் தேடி வரும். தரைக் கொக்கிகளில், நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டையால் கனமானவற்றையும், உயரமான அடுக்குகளின் மேல் வலையையும் கட்ட வேண்டும். மருத்துவப் பைகளைப் பூட்டாதீர்கள். ஒரே இழுப்பில் பிரியும் ஒட்டுப்பட்டை போதும். பை இருக்கும் இடத்தைக் கதவின் உட்புறத்தில், பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவைக் குறியால் காட்டுங்கள். முதலுதவிக்கான பன்னாட்டுக் குறி அதுவே. செஞ்சிலுவை, ஜெனீவா உடன்படிக்கைகளால் காக்கப்படும் சின்னம், யாரும் விரும்பியபடி ஒட்டுவதற்கானது இல்லை.

படி 11: வெப்பம், காலாவதி, ஒத்திகை

பெரும்பாலான மாத்திரைகளை 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்று உறையில் எழுதியிருக்கும். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். ஆகவே மருந்துகளைத் தனிச் சிறுபையில் வைத்து, வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஓடும்போது வெப்பம் தடுக்கும் உறையிலிட்டு, இருக்கைக்குக் கீழே நிழலில் வையுங்கள். இன்சுலின் சூட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். மருந்துகளைக் காப்பவர்களும் கட்டுப்பொருட்களை மறந்துவிடுகிறார்கள். சூட்டில் பிளாஸ்டரின் பசை வழிந்துவிடும், கையுறை விரல் நுழைந்ததும் கிழியும், க்ரேப் பேண்டேஜ் மீள்தன்மையை இழக்கும். விளக்குகளின் பேட்டரிகளைக் கழற்றித் தனியே வைத்தால் கசிந்து விளக்கைப் பாழாக்காது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே கொட்டி, முதலில் காலாவதியாகும் பொருளின் தேதியைப் பையின் வெளியே எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் தீயணைப்பானின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, இருவழிச் செயற்கைக்கோள் கருவியில் சோதனைச் செய்தி போகிறதா, தண்ணீர் புதிதாக நிரப்பப்பட்டதா என்று பாருங்கள். பயன்படுத்திய பொருளை வீடு திரும்பிய அன்றே மாற்றி வைக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்ட பைதான் அடுத்த பயணத்தில் காலியாக இருக்கும்.

கடைசியாக ஒத்திகை. உடன் வருபவர்கள் அனைவரையும் இருக்கையில் பெல்ட்டோடு உட்காரவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, இரத்தப்போக்குப் பையை எடுத்து இறுக்குப்பட்டையைத் தம் தொடையில் ஒரு கையால் மாட்டச் சொல்லுங்கள். பயிற்சிக்குத் தனியாக ஒரு பட்டையை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப இறுக்கிய பட்டையை நெருக்கடியில் நம்ப முடியாது. யாருக்காவது கை எட்டவில்லை என்றால் பையின் இடத்தை மாற்றிவிட்டு, எல்லோரையும் மீண்டும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள்.